வண்டியின் வயதைக் கேட்காதீர்கள், பிரேக்கைக் கேளுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் நின்ற என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "மாமா, இதுக்கு இனிமே ரெண்டே வழிதான். ஒண்ணு, பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. இல்லேன்னா நல்லா மாடிஃபை பண்ணிருவோம். உயரத்தைத் தூக்கி, பெரிய டயர் போட்டு, மேல ஒரு எல்.இ.டி. பார் வச்சா மலைக்குப் போகக் கெத்தா இருக்கும்" என்றான். காபி குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் சொன்ன இரண்டு வழியும் ஒரே தப்பிலிருந்து பிறந்தவை. வண்டியை வெளியிலிருந்து பார்க்கிற தப்பு அது. நேரில் சொன்னால் "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பான். ஆகவே இங்கே எழுதுகிறேன். போடியிலும் சுற்றுப்பட்டிலும் பழைய வண்டி வைத்துக்கொண்டு மலை ஏறுகிற என் வயதுக்காரர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள் என்பதும் ஒரு காரணம்.

என் வண்டி டாடா எஸ்டேட். இளையவர்களுக்குப் பெயரே தெரியாது. டெல்கோ கம்பெனி 1992ல் கொண்டுவந்த ஸ்டேஷன் வேகன். சியராவின் உடன்பிறப்பு. 1948 சி.சி. டீசல் எஞ்சின், 68 குதிரைத் திறன், ஐந்து கியர், இழுப்பு பின் சக்கரத்தில். பார்வைக்குப் பழைய மெர்சிடிஸ் வேகனின் சாயல் இருக்கும். என்னுடையது 1996 மாடல். 1999ல் புதுச்சேரியில் இரண்டாம் கையாக வாங்கினேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் ஸ்டேஷன் வேகனுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'பிரேக்'. ஆங்கிலேயர் ஒருவகைக் குதிரை வண்டிக்கு வைத்திருந்த பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்துகிற பிரேக்குக்கு அவர்கள் சொல்வது 'ஃப்ரேன்'. இந்த வண்டி வாங்கிய புதிதில், "பிரேக் வாங்கியிருக்கிறேன்" என்று பழைய வகுப்புத் தோழன் ஒருவனிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பு எவ்வளவு பொருத்தம் என்பது பதினெட்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2010ல் அறுபது வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவியின் ஊர் போடி. அவர் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் போடிமெட்டைத் தாண்டித் தொண்டிமலைப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்க ஆள் இல்லை என்று இங்கே வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து ஞாயிறு தவிர அனேகமாகத் தினமும் காலை ஆறேகாலுக்குக் கிளம்பி மலை ஏறுகிறேன். என்னோடு எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற நான்கு பெண்கள். சாயந்திரம் அதே நான்கு பேரோடு இறங்குகிறேன். இந்த நான்கு பேரை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பாதை உங்களுக்குப் புதிதல்ல. முந்தல் தாண்டினால் ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். போடிமெட்டு 1400 மீட்டர் சொச்சம். ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை, ஐப்பசியில் இந்தப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கல்லும் மண்ணும் சரிந்து ரோட்டில் கிடக்கும். மார்கழி, தையில் மேகம் வந்து ரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். அதனால் வேகம் கூடியிருக்கிறது. மேகம் குறையவில்லை. மேகத்துக்குள் இருபது மீட்டர் தெரிந்தால் பெரிய விஷயம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். தெரிகிற தூரத்தை இரண்டு நொடிக்குள் கடந்துவிடுவீர்கள். அந்த ரோட்டில்தான் விடிகாலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்கு ஜீப் ஜீப்பாக ஆட்கள் போகிறார்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அடுத்தவனைக் குறை சொல்கிறவன் முதலில் தன் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும்.

2017 கார்த்திகை. மைத்துனர் மகன் இப்போது சொன்னதை அப்போது எனக்கு வேறொருவர் சொன்னார். மேகத்தில் கண் தெரியவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, "சார், மேல ஒரு பார் போட்டீங்கன்னா பகல் மாதிரி இருக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். 7,500 ரூபாய் கொடுத்துப் போட்டேன். அதே வாரம் என் மெக்கானிக், "பிரேக் ஆயில் கறுத்துப்போச்சு சார், மாத்திருவோமா?" என்று கேட்டார். மொத்தமாக ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வேலை. "பெடல் நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பில் 'பிறகு சமர்ப்பிக்கவும்' என்று எழுதிப் பழகிய கை.

ஒரு சாயந்திரம் ஐந்தரை மணிக்கு இறங்குகிறோம். மேகம். பாரைப் போட்டேன். என்ன ஆயிற்று? முன்னால் யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ரோடு தெரியவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. பயத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு நான்காவது கியரில் இறங்கினேன். பாதி மலை இறங்கியிருப்போம். பெடல் மெத்தென்று ஆயிற்று. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தால் தரை வரை போனது. வண்டி நிற்கவில்லை. மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சாக்கடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பின்னால் நான்கு பேரும் சத்தமே போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் மூத்தவர் சொன்னார்: "அய்யா, மேல அம்புட்டு லைட்டு எரியுது. கீழ பிரேக்கு இல்லையே."

முக்கால் மணி நேரம் நின்றோம். பிரேக் தானாகத் திரும்பி வந்தது. அதுதான் இந்த நோயின் குணம். காரணம் தெரியாதவர்கள் "என்னமோ ஒரு தடவை பிடிக்கலை, இப்ப சரியா இருக்கு" என்று மறுநாளும் அதே வண்டியை எடுப்பார்கள்.

காரணம் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி ஸ்பஞ்சு மாதிரி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் தரைக்குப் போகிறது. ஆறினால் ஆவி அடங்கிப் பெடல் திரும்ப வருகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடும் சுமையோடும் வண்டி சுமார் 1,900 கிலோ. அது ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்தச் சக்தி முழுவதும் எங்காவது போயாக வேண்டும். கணக்கு ஐந்து யூனிட் மின்சாரத்துக்கு வருகிறது. ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. ஒவ்வொரு சாயந்திரமும் அந்தச் சூட்டை எஞ்சினிடம் கொடுக்கப் போகிறீர்களா, பிரேக்கிடம் கொடுக்கப் போகிறீர்களா என்பதுதான் மலை ஓட்டுதலின் முழுப் பாடம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நம் அரசு பஸ் டிரைவர்களைப் பாருங்கள். உறுமிக்கொண்டே இறங்குவார்கள். அந்த உறுமல்தான் பிரேக்கைக் காப்பாற்றுகிறது.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற கெட்ட பழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குவார்கள். டீசல் வண்டியில் பெடலுக்குப் பலம் கொடுக்கிற வாக்குவம், எஞ்சின் சுழன்றால்தான் உண்டாகும். எஞ்சினை அணைத்தால் இரண்டு, மூன்று மிதியோடு அந்தப் பலம் தீர்ந்துவிடும். அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். மிச்சம் பிடித்த டீசலைக் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் காபி போடத்தான் பயன்படுத்தலாம்.

இனி இந்த விளக்கு விவகாரம். மறுநாளே பாரைக் கழற்றிவிட்டேன். மேகம் என்பது கோடிக்கணக்கான நீர்த்துளி. மேலேயிருந்து பலமாக அடிக்கிற ஒளி ரோட்டுக்குப் போவதற்கு முன் அந்தத் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஃபாக் விளக்கு பம்பருக்குக் கீழே, தாழ இருக்க வேண்டும். அதன் ஒளி மேல்நோக்கிப் போகாமல் தட்டையாக வெட்டப்பட்டு ரோட்டை ஒட்டிப் பரவ வேண்டும். ஹெட்லைட்டை டிம்மில் வைக்க வேண்டும். விலை அதிகமான விளக்கைவிடச் சரியாகக் குனிந்த விளக்கு நல்லது. டிக்கியில் சுமை ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், டிம் லைட்டும் எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போகும். வேகன் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நான் போட்டிருப்பது மஞ்சள் விளக்கு. சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்கார வண்டிகளின் மஞ்சள் முகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிரான்ஸில் 1936ல் சட்டம் போட்டு எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கினார்கள். 1993 வரை அது இருந்தது. மஞ்சள் ஒளி மேகத்தைத் துளைக்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அது உண்மையல்ல. மேகத்துளி ஒளியின் அலையைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் குறைவு, எனவே கண் கூசுவது குறைவு. என் வயதுக் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது, அவ்வளவுதான். நிறத்தைவிட அது இருக்கிற இடமும் குனிவும் முக்கியம். எனக்குப் பிடித்த விஷயம் என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது.

எதிரே வருகிறவன் கதையையும் யோசியுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற ஜீப்பின் டிரைவர் முகத்தில் உங்கள் வெள்ளை ஒளி அடித்தால், அவர் இரண்டு, மூன்று நொடி குருடர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? காலையில் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். உங்கள் கெத்துக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டுமா? மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வழி விடுவது என்றால் ஒளியையும் தாழ்த்துவதுதான்.

தூக்கிவிட்டுப் பெரிய டயர் போடுகிற ஆசைக்கு இரண்டே வரி. உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும், பெரிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்குக் கூடுதல் பலம் வேண்டும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. நம் பாதையில் பாதி கேரளம் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் பழைய வண்டியில் செய்ய வேண்டிய மாற்றமே இல்லையா? இருக்கிறது. நான் செய்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று. இருந்ததைத் திரும்ப வைத்தேன்.

சமவெளியில் ஓடிய பழைய வண்டிகளில் இரண்டு பொருள் காணாமல் போயிருக்கும். ஒன்று, எஞ்சின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு. வண்டி ஒருமுறை சூடாகி நின்றால், "இது எதுக்கு சார் நம்ம ஊருக்கு" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். இரண்டாவது, உள்ளே இருக்கிற ஹீட்டர். அதில் ஒழுகல் வந்தால் அடைக்காமல் குழாயைச் சுற்றிவிட்டு விடுவார்கள். சமவெளி வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? என் வண்டியிலும் இரண்டும் இல்லை. மலைக் குளிரில் என்ன ஆகும்? வால்வு இல்லாத எஞ்சின் சூடேறவே அரை மலை ஆகும், டீசலையும் குடிக்கும். ஹீட்டர் இல்லாத வண்டியில் ஐந்து பேர் மூச்சு விட்டால் கண்ணாடி உள்ளே பூத்துப்போகும். டிரைவர் ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே வளைவு திரும்புவார். இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வால்வை வாங்கிப் போட்டு, ஹீட்டர் குழாயைத் திரும்ப இணைத்தேன். பழைய சாமான் கடையில் தேடி அலைந்ததோடு சேர்த்து, அந்தப் பாருக்குக் கொடுத்த பணத்தில் பாதி ஆகவில்லை. இப்போது சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏ.சி.யையும் கூடவே போட்டால் ஒரு நிமிஷத்தில் கண்ணாடி தெளிகிறது. ஏ.சி. ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் உலர்த்துகிறது.

மற்றவை எல்லாம் பராமரிப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழி விடியலில் பழைய டீசல் கிளம்பாவிட்டால் பேட்டரியைத் திட்டாதீர்கள், முதலில் நான்கு ஹீட்டர் பிளக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட் என்பது உறைபனிக்கு மட்டுமல்ல, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கவும் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருஷம் 23வது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போனால் ஈர ரோட்டில் வழுக்கும். ஆறு வருஷத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் போதும் என்கிறது. மலை மழைக்கு 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றிவிடுங்கள். காலி வேகனின் பின்பக்கம் லேசு. பின் சக்கர இழுப்பு என்றால் சேற்றில் சுழலும். டிக்கியில் ஒரு மூட்டை மண், இரண்டு கட்டைக் கல் எப்போதும் கிடக்கட்டும். வைப்பர் ரப்பரை வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால் மாற்றுங்கள். இதில் எதுவும் ஆயிரங்களில் இல்லை, டயரைத் தவிர.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டக்காரர்களுக்கு இது முக்கியம். ஏலத்தில் அழுகல் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை, நான் படித்த மொழி பேசும் ஊரிலிருந்து வந்த பெயர். திராட்சைக் கொடியின் நோய்க்காகப் பிரான்ஸின் போர்டோ பகுதியில் 1880களில் கண்டுபிடித்தது. அதற்கான துருசை டிக்கியில் போட்டு ஏற்றுகிறோம். ஈரத்தில் கசிந்த துருசு இரும்பைத் தின்னும். உரமும் அப்படியே. என் வண்டியின் டிக்கித் தரை இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்து தகடு வைத்து அடித்த பிறகுதான் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து ஏற்றும் புத்தி வந்தது. அடியில் கறுப்புப் பூச்சு அடிப்பதாக இருந்தால் சேற்றைக் கழுவி, நன்றாகக் காய வைத்த பிறகு அடியுங்கள். சேற்றின் மேல் அடித்தால் உள்ளே ஈரம் தங்கி, பூச்சே துருவுக்குப் போர்வை ஆகிவிடும்.

இப்போது முதல் வழிக்கு வருகிறேன்: பழைய இரும்புக்குப் போடு என்பது.

புது வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது, புகை குறைவு. இதை மறுத்தால் நான் முட்டாள். என் வண்டியில் அவை இல்லை. அதனால்தான் மெதுவாகப் போகிறேன், அதனால்தான் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து புகையைக் கட்டுப்படுத்துகிறேன். வசதி இருப்பவர்கள் தாராளமாகப் புதிது வாங்குங்கள். ஆனால் புது வண்டிக்காரனும் பிரேக் ஆயிலை மாற்றாமல் நான்காவது கியரில் இறங்கினால் எனக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கும். கொதிக்கிற ஆயிலுக்கு வண்டியின் வருஷம் தெரியாது.

சர்க்கார் என்ன செய்கிறது? பதினைந்து வருஷம் முடிந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. 2022 ஏப்ரல் வரை அதற்குக் கட்டணம் 600 ரூபாய். பிறகு 5,000. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கினார்கள். 2011, 2016, 2021 என்று மூன்று முறை புதுப்பித்துவிட்டேன். 2026ல் பத்தாயிரம் கட்ட வேண்டும். கட்டுவேன். கட்டணம் வாங்குவது சர்க்காரின் உரிமை, அதில் சம்பளம் வாங்கி வாழ்ந்தவன் நான்.

என் சண்டை வேறு. அந்தப் பணத்துக்கு என்ன சோதிக்கிறீர்கள்? முன்பு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோனபோது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹாரனை அடிக்கச் சொன்னார்கள். பெயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் கையெழுத்து. பிரேக் ஆயிலின் மூடியை ஒருவரும் திறக்கவில்லை. சக்கரத்தை உருளையில் ஏற்றிப் பிரேக்கின் பலத்தை அளக்கிற இயந்திரம் உலகத்தில் இருக்கிறது, தானியங்கிச் சோதனை நிலையங்களில் அதைத்தான் வைக்கிறார்கள். அந்தச் சோதனையில் என் வண்டி தோற்றால் நானே கொண்டுபோய் உடைக்கக் கொடுக்கிறேன். ஆனால் வயதைச் சொல்லி விலை ஏற்றாதீர்கள், நிலையைச் சொல்லித் தீர்ப்புக் கொடுங்கள். பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையே தனியார் கார் விஷயத்தில் தகுதிச் சோதனையைத்தான் பேசுகிறது. டெல்லியில் டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வயதால் அளந்தது அந்த ஊர்க் காற்றின் கொடுமைக்காக. அதை அப்படியே நம் மலைக்கு நீட்டக் கூடாது. இங்கே ஆளைக் கொல்வது வண்டியின் வயதல்ல.

என்னையும் வயது பார்த்துத்தான் அனுப்பினார்கள். நான் புகார் சொல்லவில்லை, அடுத்தவனுக்கு வேலை வேண்டும். ஆனால் அன்று என்னோடு ஓய்வு பெற்ற இருவரில் ஒருவர் ஐம்பது வயதிலேயே வேலை செய்வதை நிறுத்திவிட்டவர் என்பது ஆபீசுக்கே தெரியும். வயது எதையும் முழுதாகச் சொல்லாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று அதிகாரிகளுக்கு. ஐப்பசி முதல் தை வரை, முந்தல் சோதனைச் சாவடியில் காகிதம் பார்க்கிற நேரத்தில் கால்வாசியை ஹெட்லைட்டின் குனிவுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள். கண்ணைப் பறிக்கிற பார்களை அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். என் வயதுக்காரன் வண்டியானாலும் விட வேண்டாம்.

இரண்டாவது நமக்கு. நம் முன்னோர் ஆயுத பூஜையைச் சரியான காலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அது முடிந்த கொஞ்ச நாளில் மழை இறங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எல்லாம் செய்யுங்கள். அதற்கு முந்தின நாள் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்பார்கள், மலை ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் மாற்றுங்கள். வைப்பர் ரப்பர், விளக்கின் குனிவு, டயர் எண் இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஜீப் வைத்திருக்கிற முதலாளிமார்கள் பூஜைப் பொரிக்கும் மாலைக்கும் செய்கிற செலவோடு இதையும் சேர்த்துக்கொண்டால், தையில் எத்தனையோ வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும்.

இன்று காலையும் மேகம் இருந்தது. மூன்றாவது கியரில் ஏறினோம். சாயந்திரம் அதே மூன்றில், வளைவுகளில் இரண்டில், இறங்கினோம். பின்னால் வந்த ஒரு பெரிய புது வண்டி ஹாரன் அடித்து, வெள்ளை ஒளியை என் கண்ணாடியில் கொட்டி, முந்திக்கொண்டு போயிற்று. அன்று சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அதே பெரியம்மா பின் சீட்டிலிருந்து கேட்டார்: "அய்யா, அவங்களுக்குப் பிரேக்கு இருக்கும்ல?"

இருக்கும் என்று நம்புகிறேன் என்றேன்.